அவளுக்கு இரட்டை ஜடை போட்டுவிட்ட அம்மாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களே, யூனிட் நண்பர்களே, முகம் தெரியாமல் ரத்தம் கொடுத்த தம்பிகளே,

வணக்கம். நேற்று சாயங்காலம் நாலரை மணிக்கு என் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். மொத்தம் 38 நாள், பேச்சும் வலது கையும் ஓய்ந்து கிடந்தாள். என்ன நடந்தது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும், அதை மறுபடி எழுத எனக்கும் தெம்பில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே ஃபேன் சத்தத்தையும் மீறி அவள் தூங்குகிற மூச்சு கேட்கிறது. இது கேட்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதலில் அந்த அம்மா. வார்டில் தரை துடைக்கிறவர். பேரை எழுதலாமா என்று கேட்டேன், "வேணாங்க ஐயா, மேஸ்திரி எதுனா கேப்பாரு" என்றார். அதனால் பேர் இல்லை.

படுத்த படுக்கையாகக் கிடந்தால் தலைமுடி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டாம் நாள் பின்மண்டையில் ஒரு தேங்காய் மட்டை மாதிரி சிக்குப் பிடித்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் வெட்டிவிடலாம் என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள், அப்போது இருந்த நிலைமையில் முடியா முக்கியம்? நானும் சரி என்று தலையாட்டினேன். அவளால் அன்றைக்குப் பேச முடியாது. ஆனால் காது கேட்டிருக்கிறது. கண்ணோரம் நீர் இறங்கி காதுக்குள் போனது. அதைக் கவனித்தது நான் இல்லை, துடைப்பத்தோடு நின்றிருந்த அந்த அம்மா.

ரெண்டு மணிக்கு அவருக்கு டூட்டி முடிந்தது. மறுநாள் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாமல், சீருடையைக் கழற்றிவிட்டு கைகால் கழுவிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பழைய டானிக் பாட்டில் நிறைய தேங்காயெண்ணெய், பெரிய பல் வைத்த ஒரு சிவப்புச் சீப்பு. நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தார். எண்ணெயை முதலில் நுனியில்தான் தடவினார். முடியை நடுவில் ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிடித்த இடத்துக்குக் கீழே மட்டும் விரலால் பிரித்தார். இழுப்பு மண்டைக்கு ஏறக் கூடாதாம். நுனி பிரிந்ததும் கை நாலு விரற்கடை மேலே ஏறும். சீப்பு கடைசியில்தான். மூன்று மத்தியானம் உட்கார்ந்தார். ஒரு முடி வெட்டவில்லை.

மூன்றாம் நாள் ரெண்டு ஜடை போட்டார், காதுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக. ஒற்றை ஜடை என்றால் படுக்கும்போது பின்மண்டையில் முடிச்சு அழுத்துமாம். "பாருக்கா, ஸ்கூலுக்குப் போற பொண்ணு மாதிரி இருக்கே" என்று சொன்னார். பதினைந்து நாளில் முதல் தடவையாக அவள் உதடு ஒரு பக்கம் லேசாக ஏறியது. டாக்டர் அதை நல்ல அறிகுறி என்றார். எனக்கு அது சிரிப்பு.

அப்புறம் என்னிடம் திரும்பினார். "நாளைக்கு எனக்கு வேற வார்டு. நீங்க கத்துக்குங்க ஐயா."

நான் 1985-ல் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தவன். நீலகிரி வெலிங்டனில் பயிற்சியில் ரெக்ரூட்டாக இருந்தபோது கண்ணைக் கட்டிவிட்டால்கூட ரைஃபிளைப் பிரித்துப் பூட்டுவேன். வடக்கே எல்லையில் சியாச்சின் பனிமலையில் ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டிக்கொண்டு நடப்போம். கயிறு தொய்ந்தாலும் ஆபத்து, இறுகினாலும் முன்னால் போகிறவன் தடுமாறுவான். முன்னால் ஒருவன் பனிப்பிளவில் விழுந்தால் பின்னால் வருகிறவன் கோடரியை ஊன்றிப் படுத்துவிட வேண்டும். முடிச்சு போடுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிரோடுதான் ஜடையில் கை வைத்தேன்.

"மூணு காலாப் பிரிங்க. ஐயா, இழுக்காதீங்க, அது கயிறு இல்ல, தலை!"

நான் பட்டாளத்துக்காரன் என்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த என் அக்கா பையன், "அவர் மிலிட்டரிம்மா" என்றான். "அப்படியா" என்றார், "இந்தக் கால மேல போடுங்க, அத அடியில வுடுங்க" என்று தொடர்ந்தார். அவ்வளவுதான் என் மிலிட்டரிக்குக் கிடைத்த மரியாதை. அன்றைக்கு அது எனக்குத் தேவையாகவும் இருந்தது.

ஏன் என்றால், அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் நாள் ராத்திரி அங்கே ஒரு கவுண்டரில் நின்று, "நான் எக்ஸ் சர்வீஸ்மேன், 24 வருஷம் நாட்டுக்காக" என்று ஆரம்பித்தேன். உள்ளே இருந்த பையன் நிமிர்ந்து பார்க்காமல், "வரிசையில வாங்க சார்" என்றான். அந்தக் கோபம் பத்து நாள் வயிற்றில் இருந்தது. சியாச்சினில் ராத்திரி முழுக்க மண்ணெண்ணெய் ஸ்டவ் புகையில் கிடந்தது இவனுக்கு எங்கே தெரியும் என்று. இப்போது யோசித்தால், என் முன்னால் நின்றவருக்கும் உள்ளே யாரோ ஒருவர் படுத்திருந்தார்தானே.

இரட்டை ஜடை என்றதும் என் மகள்கள் ஞாபகம் வந்தது. பெரியவள் பிறந்தது 1992-ல். கடிதம் 56 ஏபிஓ என்கிற பட்டாளத் தபால் நிலையம் வழியாகச் சுற்றி என் கைக்கு வந்தபோது பிள்ளைக்குப் பேரே வைத்துவிட்டிருந்தார்கள். வருஷத்துக்கு ரெண்டு மாத லீவு, அதற்கு மேல் கேஷுவல் லீவு கிடைத்தால் உண்டு. வரும்போதெல்லாம் கறுப்புப் பெட்டி, கேன்டீன் சாமான், மிலிட்டரி கோட்டா சரக்கு பாட்டிலைத் தேடி வருகிற சொந்தக்காரர்கள். காலையில் எட்டு மணிக்குள் ரெண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து நாலு ஜடை, மடித்துக் கட்டி ரிப்பன். அதை ஒருநாள்கூட நான் நின்று பார்த்ததில்லை. என் மனைவி தன் ஜடையை எப்போது போட்டுக்கொள்வாள் என்றும் தெரியாது.

மருந்து வாங்க வேலூர் லாங் பஜாருக்குப் போனபோது மணிக்கூண்டுக் கல்வெட்டைப் பார்த்தேன். வருஷக்கணக்காகக் கடந்து போகிற இடம்தான். முதல் உலகப்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இருக்கும். சின்ன வயதில் அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிரும். எங்கள் பக்கம் அப்படித்தான், கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில். இந்தத் தடவை அந்த 277 வீட்டிலும் அடுப்பு எரித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு நின்றேன். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

சரி, மற்றவர்களை விட்டுவிடக் கூடாது. ராத்திரி பதினொரு மணிக்கு பைக்கில் மூன்று பேராக வந்து ரத்தம் கொடுத்த காலேஜ் தம்பிகள் (ஹெல்மெட் போடுங்கள்), மாட்டைக் கறந்து சொசைட்டியில் ஊற்றி நோட்டில் பைசா பிசகாமல் எழுதி வைத்த எதிர்வீட்டு அண்ணி, அரக்கோணத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் முறை போட்டு வந்து ராத்திரி வராண்டாவில் படுத்த யூனிட் தோழர்கள், தினமும் ஆறு மணிக்குப் பாலக்காட்டிலிருந்து போன் போட்டு மலையாளத்தில் திட்டி என்னைச் சாப்பிட வைத்த சுபேதார் சாப், ஓசூரிலிருந்து கைக்குழந்தையோடு வந்து நின்ற பெரியவள், எல்லாருக்கும் நன்றி. நவம்பர் மாதம் பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. சின்னவள் வராண்டாவில் நிற்க வைத்து போனில் என் முகத்தைக் காட்டி முடித்தாள். "அப்பா, கண்ணச் சிமிட்டுங்க, அப்பதான் உயிரோட இருக்கீங்கன்னு நம்பும்" என்றாள். அன்றைக்கு எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான்.

ஓய்வு பெறும்போது ஈசிஎச்எஸ் என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்துக்கு ஒரே தொகையாகப் பிடித்ததற்கு நான் முணுமுணுத்தவன். அந்த அட்டை இல்லையென்றால் இன்றைக்கு நிலம் போயிருக்கும். முணுமுணுத்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இன்னும் சேராத பழைய ஆட்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து நாளைக்கே விசாரியுங்கள்.

அந்த அம்மாவுக்கு ஐநூறு ரூபாய் நீட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, "பஸ்ஸ வுட்டுட்டேன், ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபா மட்டும் குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். அந்த இருபது ரூபாயைக் கொடுத்ததில் கிடைத்த நிம்மதி பெரிது.

இன்று காலை நானே ஜடை போட்டேன். முக்கால் மணி நேரம். அவள் இடது கையால் தடவிப் பார்த்தாள். பேச்சு இன்னும் குழறல்தான், ஆனால் புரிந்தது: "கோணல்." அவிழ்த்து மறுபடி பின்னினேன். அவள் வலது கை மேலே ஏறுகிற வரைக்கும் இது என் டூட்டி. ஏறிய பிறகு, அவள் விட்டால் பார்க்கலாம்.

திங்கட்கிழமை ரெவ்யூ. சீப்பும் டானிக் பாட்டிலும் இன்னும் என்னிடமே இருக்கின்றன, திருப்பித் தர வேண்டும். வெறும் பாட்டிலாகக் கொடுக்கக் கூடாது என்று சைகையிலேயே சொல்லிவிட்டாள். எண்ணெய் நிரப்பியாகிவிட்டது. கூடவே ரெண்டு கிலோ இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய். அந்த அம்மாவுக்கு எந்த வார்டு என்று தெரிந்தவர்கள் மட்டும் எனக்கு ஒரு போன் போடுங்கள்.

இப்படிக்கு,
ஹவில்தார் (ஓய்வு), உங்கள் மிலிட்டரி வீட்டுக்காரர்