பிரேக் அதிகமாகப் பிடித்தாலும் ஆபத்துதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலைச்சாலையில் ஜீப் கவிழ்ந்தால் 'பிரேக் பிடிக்காததால்' என்றுதான் செய்தி வருகிறது. தொட்டவுடனே கவ்விக்கொள்ளும் பிரேக்கைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுநர் நான். வண்டி 1992 மாடல் மஹிந்திரா. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் (சுற்றும் டிரம்மை உள்ளிருந்து ஷூ அழுத்தி நிறுத்தும் வகை); காலின் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது. போடிமெட்டு மலைச்சாலையின் 17 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்தால் வலது முழங்கால் ராத்திரியெல்லாம் குத்தும். அதனால் போன வருடம் ஒரு பட்டறையில் பூஸ்டர் வைத்தேன். டீசல் இன்ஜினில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் (காற்றை உறிஞ்சிய வெற்றிடம்) தானாகக் கிடைக்காது என்பதால், வேக்குவம் பம்ப் சேர்ந்த ஆல்டர்னேட்டரும் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) மாற்ற வேண்டியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் இறங்கும்போது லேசான தூறல். ஒரு வளைவில் கால் பட்டதுதான் தெரியும், சக்கரங்கள் ஜாம் ஆகி வண்டி வழுக்கிக்கொண்டு போய் நின்றது. பின்னால் காலித் தூக்குச்சட்டிகள் உருண்டன. "ஏப்பா, பிரேக்கு போடுறியா, எங்களப் போட்டு உலுக்குறியா?" என்றார் ஒரு பாட்டி.

பட்டறையில் கேட்டால், "புது பூஸ்டர் அப்படித்தான்ணே, கால் பழகிரும்." அப்புறம் ஷூவைத் தளர்த்திக் கொடுத்தார்கள். பெடல் பாதி தூரம் சும்மா போய், பிறகு வெடுக்கென்று கவ்வியது. முன்பே தேவலை.

கடைசியில் கம்பம் ஊரில் வயதான மெக்கானிக் ஒருவர் ஸ்பேனரைத் தொடும் முன் டேப்பை எடுத்துப் பெடலை அளந்தார். பெடல் சுழலும் அச்சாணியிலிருந்து கால் வைக்கும் தகடு 12 அங்குலம்; பூஸ்டர் கம்பி மாட்டியிருந்தது 2 அங்குலத்தில். அதாவது காலின் அழுத்தம் 6 மடங்காகிறது. பூஸ்டர் இல்லாத வண்டிக்கு அது சரி. அதற்கு மேல் பூஸ்டரும் தள்ளினால்? 4 மடங்கு போதும் என்று 3 அங்குலத்தில் புது ஓட்டை போட்டார். கம்பி கோணலாகக் குத்தாமல் இருக்க, பூஸ்டர் தாங்கியையும் அதே அளவு நகர்த்தினார்.

அதோடு விடவில்லை. பிரேக் போட்டுப் போட்டு ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிவரச் சொன்னார். வந்ததும் ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைச் சுற்றினால், இறுகியிருக்கிறது. பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடிக்கும் நட்டுகளைச் சற்றே தளர்த்தினார், சக்கரம் சுற்றியது. பூஸ்டரின் முன்கம்பி நீளமாக இருந்து, நான் காலை எடுத்த பிறகும் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. பிரேக் ஆயில் திரும்பிப் போக வழியில்லை. சூடு ஏற ஏறத் தானாகவே இறுகும். கம்பியின் முனையைத் திருகிக் குறைத்து, மெல்லிய இடைவெளி விட்டார். இடது பின் டிரம்மில் ஆக்ஸில் ஆயில் கசிந்திருந்ததையும் அவர்தான் கண்டுபிடித்தார். ஷூ மேலுள்ள லைனிங்கில் ஆயில் பட்டால் பிடிக்காது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். டிரம் பிரேக்கில் சில சமயம் அதுவே கவ்வவும் செய்யுமாம்.

பழைய ஜீப்புக்குப் பூஸ்டர் வைக்கும் நண்பர்கள், பெடலை அளந்தார்களா என்று கேட்காமல் வண்டியைப் பட்டறையிலிருந்து எடுக்க வேண்டாம்.

இன்னொன்று. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வரும் பழக்கம் எங்கள் ஆட்களில் சிலருக்கு உண்டு. பூஸ்டர் வண்டியில் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வேக்குவம் மிச்சமிருக்கும். அப்புறம் பெடல் கல். என் வண்டியில் 6 மடங்கை 4 ஆக்கியதால், இன்ஜின் நின்றால் பழைய வண்டியைவிட இன்னும் கடினம். சமதளத்தில் இன்ஜினை நிறுத்தி மிதித்துப் பார்த்தேன். ரெண்டு காலும் தேவைப்பட்டது. இப்போதெல்லாம் இன்ஜினை அணைக்காமல், வேகத்தை அதுவே பிடிக்கட்டும் என்று, மெட்டில் எந்த கியரில் ஏறுகிறேனோ அதே கியரில்தான் இறங்குகிறேன்.

இப்படிக்கு,
ஜீப் ஓட்டுநர் ஒருவர்,
போடிநாயக்கனூர்.