போனைப் பிடுங்குவதற்கு முன்னால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கேட்ட படிப்பே கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். உன் முதுகுவலியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? இங்கே எல்லோரும் நலம்.

எட்டாம் வகுப்புக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். சரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"முன்பின் தெரியாதவர்களோடு பேசாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதே. பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். ஆன்லைன் விளையாட்டில் பத்து நாள் கூடவே ஆடியவன் அவர்களுக்கு அந்நியன் இல்லை, சிநேகிதன். பல சமயம் பிள்ளையைப் பாலியல் வலையில் வீழ்த்தப் பார்க்கிற ஆள் ஏற்கெனவே தெரிந்தவராகவே இருப்பார் என்பது இன்னும் மோசம்.

நான் கரும்பலகையில் சில வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவேன். "சூப்பரா விளையாடுற." "உனக்கு என்ன வயசு?" "இங்க வேணாம், வேற ஆப்புக்கு வா." "உன்ன உங்க வீட்ல யாரும் புரிஞ்சுக்கல." "இது நமக்குள்ளயே இருக்கட்டும்." "ஒரு போட்டோ அனுப்பேன்." எந்த வரியில் உங்களுக்குச் சந்தேகம் வரும் என்று கேட்டால், பெரும்பாலான கைகள் கடைசி வரிக்குத்தான் உயரும். அங்கிருந்து மேலே போகவேண்டும். ஆள் நடமாட்டமுள்ள இடத்திலிருந்து தனி இடத்துக்குக் கூப்பிடுவதும், வீட்டாரிடமிருந்து பிரிப்பதும், ரகசியம் கேட்பதும்தான் வலை. போட்டோ கேட்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும். ஒரு மணி நேரத்தையும் இதற்கே செலவழித்தாலும் நஷ்டமில்லை.

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வகுப்பைப் பிரிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. பணம் கேட்டு மிரட்டும் கும்பல்கள் அதிகம் குறிவைப்பது விடலைப் பையன்களைத்தான். ஒரு பெண்ணின் பெயரில் கணக்கு, அவள் படம் என்று ஒன்று முதலில் வரும். இவன் பதிலுக்கு ஒன்று அனுப்பியதும் இவனுடைய நண்பர்கள் பட்டியலையே காட்டி, பணம் தராவிட்டால் எல்லோருக்கும் போகும் என்பார்கள். கொடுத்தால் நிற்காது, மறுபடியும் கேட்பார்கள். இப்போது படமே அனுப்பாத பிள்ளையின் சாதாரண முகப்படத்தை வைத்தும் ஏஐ மூலம் ஆபாசப் படம் செய்கிறார்கள். அதனால் "நீ ஏன் அனுப்பினாய்?" என்ற கேள்விக்கே அர்த்தமில்லாமல் போய்விட்டது.

இதையெல்லாம்விட முக்கியம், பெற்றோர் கூட்டத்தை முதலில் நடத்துவது. மிரட்டுகிறவனின் பெரிய பலமே "வீட்டில் சொன்னால் போன் போய்விடும்" என்ற பயம்தான். சொன்ன பிள்ளையின் போனைப் பிடுங்கினால் அடுத்த தடவை அது வாய் திறக்காது. என்ன நடந்தாலும் திட்டமாட்டேன், போனைப் பறிக்கமாட்டேன் என்று அவர்களை வாக்குக் கொடுக்க வை. சிலர் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

உன்னிடமே ஒரு பிள்ளை வந்து சொன்னால், பதறாமல் கேள். சாட் உரையாடலை அழிக்கச் சொல்லாதே, கணக்கின் பெயர், தேதி, மிரட்டல் வரிகள் எல்லாம் ஆதாரம். ஆனால் அந்தரங்கப் படத்தை ஆதாரம் என்று உன் போனுக்கு வாங்கிவிடாதே, பல நாடுகளில் அதை வைத்திருப்பதே குற்றம். பிறகு அந்தக் கணக்கைத் தடுத்துவிட்டு, அந்தத் தளத்திலும் போலீசிலும் புகார் கொடுக்கவேண்டும். 'டேக் இட் டவுன்' என்று இலவசச் சேவை ஒன்று இருக்கிறது. பதினெட்டு வயதுக்குள் எடுத்த படங்களுக்கானது. படம் போனை விட்டுப் போகாது, அதிலிருந்து எடுக்கும் கைரேகை மாதிரியான ஓர் எண்கோவை மட்டும் போகும். அதை வைத்து, இந்தச் சேவையில் சேர்ந்திருக்கும் தளங்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். வாட்ஸ்அப் மாதிரி, பேசுகிறவர்கள் மட்டுமே படிக்கும்படி மறையாக்கம் செய்த உரையாடல்களுக்குள் அதனால் நுழைய முடியாது என்பதையும் சொல்லிவிடு.

இதெல்லாம் பள்ளிக்கூடத்தின் வேலையா என்று உன் தலைமையாசிரியர் கேட்பார், எனக்குத் தெரியும். 1989ஆம் வருட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 34ஆவது பிரிவை எடுத்துக் காட்டு. பாலியல் சுரண்டலிலிருந்து குழந்தைகளைக் காப்பது அரசுகளின் கடமை என்கிறது. இணைய உலகிலும் குழந்தைகளின் உரிமைகள் செல்லும் என்று 2021இல் தனி விளக்கமே வந்துவிட்டது.

அப்புறம், வகுப்பு முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதே. கேள்வி இருந்தால் வா என்று சொல்லிவிட்டு, மேசையை ஒதுக்குகிற சாக்கில் கொஞ்ச நேரம் நில். எல்லோர் முன்னாலும் கேட்காத பிள்ளை அப்போதுதான் வரும். தேதி முடிவானதும் எழுது, அந்தக் கரும்பலகை வரிகளை முழுசாக அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்