நீர் அனுப்பின முள்ளுக்கொப்பு

யாழ்ப்பாணம்,
ஐப்பசி

அன்புள்ள நண்பருக்கு,

பண்டாரவளையிலிருந்து நீர் அனுப்பின கொப்பு நொறுங்காமல் வந்து சேர்ந்தது. இது ரூபஸ் எலிப்டிகஸ்தான், மஞ்சள் பழம் தரும் ராஸ்பெரி முட்செடி. வளைந்த முள்ளை வைத்துச் சொல்லவில்லை, அது ரூபஸ் பேரினத்தில் பெரும்பாலானவற்றுக்கு உண்டு. முள்ளுகளுக்கிடையே தண்டு முழுக்கச் செம்பட்டை மயிர் அடர்ந்து நிற்கிறதே, அதுதான் அடையாளம். ஒரு காம்பில் மூன்று சிற்றிலை, அடிப்பக்கம் வெள்ளைச் சுணை, பழம் மஞ்சள். சிற்றிலை ஐந்து முதல் ஒன்பது, பழம் கறுப்பு என்றால் அது ரூபஸ் நிவியஸ்.

பெயரைப் பற்றிக் கேட்டிருந்தீர். ரூபஸ் என்றால் லத்தீனில் முட்புதர். எலிப்டிகஸ் என்பது சிற்றிலையின் நீள்வட்ட வடிவம். நேபாளத்துச் செடியைக் கொண்டு 1815இல் தாவரவியலாளர் ஜேம்ஸ் எட்வர்ட் சிமித் வைத்த பெயர் அது. உம்முடைய கொப்பில் நடுவிலையின் நுனி அகன்று வெட்டுப்பட்டிருப்பதைப் பார்த்து நீர் குழம்பியது நியாயம். இந்த இனத்தில் இலை அப்படியும் வரும். 1825இல் இன்னொரு தாவரவியலாளர் டேவிட் டொன் இதே செடிக்கு ரூபஸ் பிளேவஸ், அதாவது மஞ்சள் என்று பெயர் வெளியிட்டார். 1832இல், இந்தியச் செடிகளை ஆராய்ந்த ரொக்ஸ்பரோவின் நூலில், ஊர்ச்சனம் வழங்கிய பெயரையே லத்தீனாக்கி ரூபஸ் கௌரிபூல் என்று வந்தது. எனக்குப் பிடித்தது அதுதான்! ஆனால் முந்தி வெளிவந்த பெயருக்கே உரிமை என்பது விதி. பொருத்தம் பார்ப்பதில்லை.

அடுத்தமுறை இரண்டு கொப்பு வெட்டும்: இந்த வருசம் முளைத்த தண்டில் ஒன்று, பூவும் காயும் உள்ள போன வருசத் தண்டில் ஒன்று. இரண்டிலும் இலை ஒரேமாதிரி இராது, ஒன்றை மட்டும் பார்த்தால் முடிவு பிழையாகும். பழைய பேப்பருக்குள் வைத்துப் பாரமேற்றி, முதல் நாலைந்து நாள் பேப்பரைத் தினமும் மாற்றும். விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்தால் நிறம் போய்விடும், பழத்தின் நிறத்தை வெட்டும்போதே எழுதிவிடும். பழுத்ததைப் பிடுங்கினால் நடுக்கட்டை செடியிலேயே நிற்க, பழம் தொப்பிமாதிரிக் கழன்று வரவேண்டும். அதையும் பாரும்.

வேலிக்கு நடும் எண்ணத்தை விடும். கிளுவைக் கதியால் நட்ட இடத்தில் நிற்கும். இது வேரிலிருந்து குருத்துவிட்டு அயல்வளவுக்குள் போகும், குருவிகள் விதையை இன்னும் தூரம் கொண்டுபோகும். மேலே வெட்டினால் அடியிலிருந்து திரும்பவும் தளிர்க்கும், வேரோடு கிண்ட வேண்டும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. இங்கே நடக் கன்று அனுப்பவும் வேண்டாம், மலைக்குளிர்ச் செடி இந்த வெக்கைக்கு ஆகாது.

எங்கள் முள்ளுப்பழம் கிளாதான். ஊறுகாய் ஒரு போத்தல் அனுப்புகிறேன்.

உமது நண்பன்