பதிமூன்றாவது ஃபார்வர்டு

டொரொன்டோ,
டிசம்பர் 2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பைக்கு உன் டீம் பையன்களை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனதைப் படித்ததும் எனக்குப் பொறாமைதான் வந்தது. நாம் ஆடிய காலத்தில் உலகக் கோப்பை என்றால் ரேடியோவில் கேட்கிற விஷயம். இப்போது கோவில்பட்டியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய் உட்கார்ந்து பார்க்கலாம். பையன்கள் கொடுத்து வைத்தவர்கள். தங்கச்சிக்கு மூட்டு வலி தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம். மகள் காலேஜ், வேலை என்று ஓடிக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமையில் கையில் கிடைத்தால் ஆட்டத்துக்குக் கூட்டிப் போகிறேன்.

போன கடிதத்தில் இங்கே டொரொன்டோ ஐஸ் ஹாக்கி டீமைப் பற்றி எழுதும்போது 'காம்ஃபை வேவரில் போட்டுவிட்டார்கள்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கம் கேள்வி கேட்டிருக்கிறாய். 'மாட்டுச் சந்தையில் நிறுத்துகிற மாதிரி ஒரு ஆட்டக்காரனை நிறுத்துவார்களா, அவனுக்கு மானம் ரோஷம் கிடையாதா' என்று கோபம் வேறு. எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் பட்டது. இப்போது அந்த விதியின் மேல் கொஞ்சம் பிரியமே இருக்கிறது. ஏன் என்று எழுதுகிறேன், நிதானமாகப் படி.

என்.எச்.எல். என்பது இங்கே ஐஸ் ஹாக்கியின் பெரிய லீக். அதில் டீம் ஒன்று பட்டியலில் 23 பேரை வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தில் இறங்குவது 20 பேர். ஃபார்வர்டு 12, டிஃபென்ஸ் 6, கோல் காக்கிற கோலி 2. ஃபார்வர்டுகள் மூன்று மூன்று பேராக நான்கு லைன். ஐஸில் முழு வேகத்தில் ஒரு நிமிஷம் ஓடுவதே கஷ்டம், அதனால் முக்கால் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முதல் லைன்காரனுக்கு இருபது நிமிஷம் கிடைக்கிற ஆட்டத்தில் நான்காவது லைன்காரனுக்கு எட்டோ பத்தோ கிடைக்கும். அவனுக்கும் கீழே இருப்பவர்கள்தான் பதிமூன்றாவது, பதினான்காவது ஃபார்வர்டுகள். காலையில் எல்லோரோடும் பயிற்சி செய்வார்கள். சாயங்காலம் கோட்டு போட்டுக்கொண்டு மேலே பத்திரிகைக்காரர்கள் இருக்கும் வரிசையில் உட்கார்ந்து, யாருக்காவது அடிபடுமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நல்லவனாக இருந்தால் அப்படி நினைத்ததற்கு வெட்கப்படவும் செய்வான்.

இப்படிப்பட்ட ஒருவனைக் அடுத்த நிலை லீகான ஏ.எச்.எல்.-லில் இருக்கும் கீழ் டீமுக்கு அனுப்ப வேண்டும் என்றால், அனுபவமுள்ள ஆளாக இருந்தால் சும்மா அனுப்பிவிட முடியாது. முதலில் வேவரில் போட வேண்டும். 24 மணி நேரம் மற்ற 31 டீம்களும் பார்த்துக்கொண்டிருக்கும். 'எங்களுக்கு வேண்டும்' என்று எந்த டீம் சொன்னாலும் ஆள் அங்கே போய்விடுவான், அவனுடைய சம்பள ஒப்பந்தத்தோடு சேர்த்து. பதிலுக்கு ஆளெல்லாம் தர வேண்டியதில்லை. இரண்டு மூன்று டீம் கேட்டால், புள்ளிப் பட்டியலில் கீழே இருக்கும் டீமுக்கு முதல் உரிமை. சீசன் தொடங்கி நவம்பர் 1 வரை போன வருஷத்துப் பட்டியலைப் பார்ப்பார்கள். யாரும் கேட்காவிட்டால்தான் கீழே அனுப்பலாம். அப்புறம் மேலே கூப்பிட்டு 10 ஆட்டம் ஆடவிட்டாலோ, 30 நாள் பட்டியலில் வைத்திருந்தாலோ, திருப்பி அனுப்ப மறுபடியும் வேவர்.

இளம் பையன்களுக்கு இது கிடையாது. 18 வயதில் ஒப்பந்தம் போட்ட பையனைப் பொதுவாக ஐந்து சீசன் அல்லது 160 ஆட்டம் வரைக்கும் யாரையும் கேட்காமல் மேலும் கீழும் மாற்றலாம். 25 வயதுக்கு மேல் முதல் ஒப்பந்தம் போட்டால் அந்தச் சலுகை ஒரே வருஷம்தான்.

வேடிக்கை இங்கேதான் ஆரம்பிக்கிறது. செப்டம்பர் பயிற்சி முகாமில் ஒரு இருபது வயசுப் பையன் எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஆடுவான். ஜனமெல்லாம் அவன் பேரைச் சொல்லும். கடைசியில் அவனைக் கீழே அனுப்பிவிட்டு, சுமாராக ஆடிய முப்பது வயசுக்காரனை வைத்துக்கொள்வார்கள். பையனை அனுப்பினால் அவன் எங்கேயும் போக மாட்டான், பெரியவனை அனுப்பப் பார்த்தால் கைவிட்டுப் போகலாம். யார் நன்றாக ஆடுகிறான் என்ற கேள்வி பன்னிரண்டாவது ஆளோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே எல்லாமே காகிதம் மாப்ளே, யாருக்கு என்ன ஒப்பந்தம், யாருக்கு வேவர் உண்டு, யாருக்குக் கிடையாது என்பதுதான்.

இப்போது காம்ஃப் கதை. டேவிட் காம்ஃப் செக் நாட்டுக்காரன், நடு ஃபார்வர்டு. கோல் அடிக்கிற ஆள் இல்லை. எதிராளியின் நல்ல லைனை மறித்து நிற்பதும், இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆட்டத்தைத் தொடங்குகிற ஃபேஸ் ஆஃபும்தான் அவன் வேலை. நம் காலத்தில் நீ லெஃப்ட் ஹாஃபில் நின்று செய்தாயே, பேப்பரில் பேர் வராத அந்த மாதிரி வேலை. 2023-ல் டொரொன்டோ அவனுக்கு நான்கு வருஷ ஒப்பந்தம் கொடுத்தது, வருஷத்துக்கு 24 லட்சம் டாலர். அன்றைக்கே எனக்கு அது அதிகமாகப் பட்டது. இந்தக் கோடையில் மிட்ச் மார்னர் வேகஸுக்குப் போய்விட்டான். அவனுக்குப் பதிலாக நிக்கோலா ருவா வந்தான், வான்கூவரிலிருந்து டகோட்டா ஜோஷ்வா, யூட்டாவிலிருந்து மத்தியாஸ் மச்செல்லி. ஒரு நட்சத்திரம் போன இடத்தை நடுத்தர ஆட்டக்காரர்களை வைத்து நிரப்பினார்கள், ஃபார்வர்டு கூட்டம் வழிந்தது. அக்டோபரில் காம்ஃப் வேவருக்குப் போனான். யாரும் எடுக்கவில்லை.

எடுக்காததற்குத் திறமைக் குறைவு காரணம் இல்லை. இந்த லீகில் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, இந்த வருஷம் ஒரு டீமுக்கு 9 கோடியே 55 லட்சம் டாலர். அதற்குள் நட்சத்திரங்களுக்குக் கொடுத்தது போக, அடிமட்ட ஃபார்வர்டுக்கு எல்லோரும் குறைந்தபட்சச் சம்பளமான 7,75,000-ஐ ஒட்டித்தான் யோசிப்பார்கள். 24 லட்சத்தை, அதுவும் இன்னும் இரண்டு சீசனுக்கு, யார் தலையில் ஏற்றிக்கொள்வார்கள்? கீழே அனுப்பினாலும் டொரொன்டோவுக்கு முழு நிம்மதி கிடையாது. 11,50,000 வரைக்கும்தான் கணக்கிலிருந்து கழியும், மீதி 12,50,000 உச்சவரம்புக் கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அவன் ஏ.எச்.எல்.-லில் இருக்க மனமில்லாமல் டீமை விட்டுப் போனான். நவம்பரில் இரு தரப்பும் பேசி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள், மிச்சப் பணத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டு இதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வான்கூவரில் சேர்ந்தான். அடம் பிடித்தான் என்று இங்கே சிலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீழே உட்கார்ந்துகொண்டே முழுச் சம்பளத்தையும் வாங்கியிருக்கலாம். ஆட வேண்டும் என்பதற்காக அவ்வளவு பணத்தை விட்டவனை என்ன சொல்லி ஏசுவது?

சரி, உன் கோபத்துக்கு வருகிறேன். வேவர் இல்லை என்று வைத்துக்கொள். பணக்கார டீம்கள் என்ன செய்யும்? நல்ல ஆட்டக்காரர்களை முப்பது நாற்பது பேராக வாங்கிக் கீழ் டீமில் அடைத்து வைக்கும். தேவைப்பட்டால் எடுக்கும், இல்லாவிட்டால் அப்படியே கிடப்பான். வேறு இடத்தில் முதல் பன்னிரண்டில் ஆடக்கூடியவன் வயசு போகிற வரைக்கும் வெளியே தெரியாமலே போய்விடுவான். 'உனக்கு வேண்டாம் என்றால் ஊருக்குச் சொல், வேண்டியவன் எடுத்துக்கொள்ளட்டும்' என்கிறது வேவர். மானக்கேடுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதலாளிகள் பக்கம் சாய்ந்த இந்த லீகில் அடிமட்ட ஆட்டக்காரனுக்குக் கதவு திறக்கிற விதிகளில் இது ஒன்று.

பால் பைரன் கதையைக் கேள். குள்ளமான, ஒல்லியான ஃபார்வர்டு, கால் மட்டும் மின்னல். 2015 அக்டோபரில் கால்கரி அவனை வேவரில் போட்டது, மொன்ட்ரியால் எடுத்துக்கொண்டது. 2016-17 சீசனில் 22 கோல், அடுத்த சீசனில் 20. ஒரு பைசா மாற்றில்லாமல் கிடைத்த ஆள்! அப்புறம் நல்ல சம்பளத்தில் நீண்ட ஒப்பந்தம் கொடுத்தார்கள். வயசும் அடியும் சேர்ந்து ஆட்டம் குறைந்தது, கோவிட் காலத்தில் உச்சவரம்பும் உயரவில்லை. 2020-21 சீசனில் அதே மொன்ட்ரியால் அவனை ஒரு தடவைக்கு மேலேயே வேவரில் போட்டது. ஒவ்வொரு தடவையும் மற்ற டீம்களெல்லாம் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தன.

அந்த 2021 மே மாதம் பிளே ஆஃப் முதல் சுற்று, டொரொன்டோவுக்கும் மொன்ட்ரியாலுக்கும். முதல் ஆட்டத்தில் நம் கேப்டன் டவாரெஸ் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போனான். மூன்றாவது பீரியடில் ஒன்றுக்கு ஒன்று. மொன்ட்ரியால் ஒரு ஆள் குறைவாக ஆடிக்கொண்டிருந்தது. பைரன் பந்தயக் குதிரை கணக்காகப் பிரிந்து ஓடி, தடுமாறி முழங்காலில் விழுந்த நிலையிலேயே 'பக்' என்கிற ரப்பர் வட்டைக் கோலிக்கு மேலே தூக்கி உள்ளே போட்டான். 2-1. அன்றைக்கு அரங்கத்தில் ஜனமே கிடையாது, டி.வி.யில் அந்தச் சத்தமில்லாமையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் 3-1 என்று முன்னால் போயும் அந்தச் சுற்றை ஏழாவது ஆட்டத்தில் தோற்றோம். அவர்கள் இறுதிச் சுற்று வரைக்கும் போனார்கள். யாருக்கும் வேண்டாம் என்று அத்தனை தடவை எழுதிக் கொடுக்கப்பட்ட ஆள்தான் நம் தலையில் முதல் கல்லைப் போட்டான்.

இன்னொன்று, அதே 2021-ன் அக்டோபர் கடைசியில். டொரொன்டோ மைக்கேல் அமாடியோவை வேவரில் போட்டது, வேகஸ் எடுத்தது. இங்கே ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை, நானும்தான். 2023 பிளே ஆஃபில் வின்னிபெக்கில் இரண்டாவது ஓவர்டைமில் அடித்து ஒரு ஆட்டத்தை முடித்தான். அந்த வருஷம் வேகஸ் இந்த லீகின் ஸ்டான்லி கோப்பையை வாங்கியது. 1967-க்குப் பிறகு கோப்பையே பார்க்காத டொரொன்டோவின் பதிமூன்றாவது ஃபார்வர்டு கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஐஸில் சுற்றினான். நாஷ்வில் விட்ட டோல்வானென், அனாஹைம் விட்டு மறுபடி எடுத்த கூனிட்ஸ் என்று சொல்லிக்கொண்டே போகலாம். கூனிட்ஸ் பிற்பாடு நான்கு கோப்பை வாங்கினான்.

இந்தக் கதைகளால் ஒரு கெடுதலும் உண்டு. எந்த ஆளை வேவரில் போட்டாலும் 'அடுத்த பைரன் போய்விட்டானே' என்று ஜனம் ஒப்பாரி வைக்கும், மேனேஜர்களுக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொள்ளும். உண்மையில் பெரும்பாலானவர்களை யாரும் எடுப்பதில்லை. அதுவும் அக்டோபர் தொடக்கத்தில் எல்லா டீமும் ஒரே நேரத்தில் ஆளைக் குறைக்கும், எல்லோரிடமும் தங்களுடைய பதிமூன்றாவது ஆளே மிச்சம் இருப்பான். கெட்டிக்கார மேனேஜர் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத் தன் ஆளையும் நுழைத்துக் கீழே இறக்கிவிடுவார். பயந்தவர் நவம்பர் வரை வைத்திருந்து, யாருக்காவது அடிபட்ட டீம் ஆள் தேடுகிற நேரத்தில் போட்டு இழப்பார்.

என்னைக் கேட்டால் வேவரில் போன ஆளைவிட, போகாத ஆள்தான் பாவம். ஃபிராங்க் கொராடோ என்று ஒரு பையன். டிஃபென்ஸ்காரன், இந்தப் பக்கத்துப் பையன்தான். 2015 அக்டோபரில் வான்கூவர் விட்டதை டொரொன்டோ எடுத்தது. ஊருக்கு வந்துவிட்டான் என்று வீட்டில் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்! டிசம்பர் நடு வரைக்கும் ஒரு ஆட்டம்கூட ஆடவிடவில்லை. கீழே அனுப்பினால் வேறு டீம் எடுத்துவிடும் என்று அனுப்பவும் இல்லை. ஆடுகிறவனுக்கு உட்கார்ந்தே கழிகிற மாதங்கள் என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் உன் டீமின் பத்தொன்பதாவது பையனைப் பற்றி நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். ஃபார்வர்டு இடத்தில் ஏற்கெனவே ஆறு பேர், பக்கத்து ஊர் டீம் அவனைக் கேட்கிறது, விட்டால் நமக்கு எதிராகவே கோல் அடிப்பான் என்று யோசிக்கிறாய். அடிப்பான்தான். அடித்துவிட்டுப் போகட்டும். கோவில்பட்டியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனை எந்தத் தேர்வாளர் பார்ப்பார்? உங்கள் லீகில் வேவர் கிடையாது என்பதால் நீ பிடித்து வைத்தால் அவன் போக வழியே இல்லை. நம் ஊரிலிருந்து மாரீஸ்வரன் இந்தியாவுக்கு ஆடப் போனான் என்றால், ஆட்டத்துக்கு ஆட்டம் களத்தில் நின்றதால்தானே! பொங்கலுக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு நீயே சொல்லிவிடு, வேறு யார் வாயாலும் அவன் கேட்க வேண்டாம்.

டொரொன்டோவின் பெரிய டீமான லீஃப்ஸ் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்குகிற விலையில் ஊருக்கு வந்துபோகலாம் போல இருக்கிறது, அதனால் நாங்கள் எக்ஸிபிஷன் மைதானத்தில் மார்லீஸ் ஆட்டத்துக்குத்தான் போகிறோம். டொரொன்டோவின் கீழ் டீம் அதே ஊரிலேயே ஆடுகிறது. மேலிருந்து இறக்கப்பட்டவனுக்கு வீடு மாற வேண்டாம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாற வேண்டாம். எட்மன்டன்காரனுக்கு கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு! மகளுக்கு அங்கே ஒரு விளையாட்டு, வேவரில் வந்தவர்கள் யார் யார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது. பாதிக்கு மேல் சரியாகச் சொல்கிறாள்.

பிப்ரவரியில் வரலாம் என்று இருக்கிறேன், லீவு உறுதியானதும் எழுதுகிறேன். இங்கே ஐஸ் ஹாக்கி மட்டைக்குச் சுற்றுகிற துணி டேப் மலிவாகக் கிடைக்கிறது, உன் பையன்களின் ஸ்டிக் கைப்பிடிக்கும் நன்றாக இருக்கும். எத்தனை ரோல் வேண்டும், கறுப்பா வெள்ளையா என்று பையன்களிடம் கேட்டு எழுது. மருமகனுக்கு ஷூ சைஸும்.

உன் மச்சான்