ஹெடர் நிழல் விவகாரம்

மச்சி, எப்படிடா இருக்க? அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு எழுதியிருந்த, சந்தோஷம், சொட்டு மருந்தை மட்டும் நேரத்துக்கு விடச் சொல்லு, கண்ணு தெரிய ஆரம்பிச்சதும் அவங்களாவே நிறுத்திருவாங்க. இங்க எல்லாரும் சௌக்கியம். பொண்ணு பத்தாவது, அதனால வீட்ல டிவிக்கு லீவு, நானும் ஹெட்போன் போட்டுத்தான் கிரிக்கெட் பார்க்குறேன்.

உன் வெப்சைட்டுக்கு எழுதி அனுப்புன ஜாவாஸ்கிரிப்ட் கோடை (code) பார்த்தேன். ஸ்க்ரோல் பண்ணா ஹெடருக்கு, அதான் பக்கத்தோட மேல் பட்டைக்கு, கீழ நிழல் விழணும், ஆனா மினுக் மினுக்னு வந்து வந்து போகுது, அதானே? நிழல் ஸ்டைலுக்கு வச்ச பேருதான் கிளாஸ், அதைப் போட்டு எடுக்க நீ ஸ்க்ரோல் ஈவென்ட்ல (பக்கம் நகரும்போது பிரவுசர் குடுக்குற சிக்னல்) வெறும் கிளாஸ்லிஸ்ட் டாகிள் (classList.toggle) போட்டு வச்சிருக்க. விரலை ஒரு இழுப்பு இழுத்தாலே அந்த ஈவென்ட் சரசரன்னு வரும், ஒவ்வொரு தடவையும் டாகிள் கிளாஸ் இருந்தா எடுக்கும் இல்லாட்டி போடும், பக்கம் எங்க நிக்குதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? கடைசில நிழல் நிக்குமா நிக்காதாங்கிறது ஈவென்ட் ஒத்தப்படையா வந்துச்சா ரெட்டப்படையா வந்துச்சாங்கிறதப் பொறுத்துப் போயிருச்சு.

டாகிளுக்கு அடைப்புக்குள்ள ரெண்டாவதா ஒரு ஆர்க்யுமென்ட் (குடுக்குற மதிப்பு) இருக்குடா, நிறைய பேரு கண்டுக்கிறதே இல்ல. முதல்ல கிளாஸ் பேரு, அடுத்து கண்டிஷன், உன் கேஸ்ல ஸ்க்ரோல்ஒய் (scrollY, பக்கம் எத்தனை பிக்சல் நகர்ந்திருக்குங்கிற எண்) 80-ஐத் தாண்டிச்சாங்கிறது. ட்ரூன்னா கிளாஸ் இருக்கும், ஃபால்ஸ்னா இருக்காது, எத்தனை தடவை கூப்பிட்டாலும் அதே பதில்தான். இஃப் எல்ஸ்னு பிரிச்சு ஆட் (add), ரிமூவ் (remove) எழுதுற வேலையே இல்ல. ஐஈ 11-ல (பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிரவுசர்) இந்த ரெண்டாவது ஆர்க்யுமென்ட் எடுபடாது, பழைய கோடுல இஃப் எல்ஸா கிடக்குறதுக்கு அதுவும் ஒரு காரணம், 2022 ஜூன்ல மைக்ரோசாஃப்டே அதை மூட்டை கட்டிருச்சு, இனி எதுக்குப் பயம்.

ஆனா இதுல ஒரு குழி இருக்கு, பார்த்துக்க. கண்டிஷன் அன்டிஃபைன்டா (undefined, மதிப்பே குடுக்காதது) வந்தா ரெண்டாவது ஆர்க்யுமென்ட்டே குடுக்காத மாதிரி எடுத்துக்கும், திரும்ப மாத்தி மாத்திப் போட ஆரம்பிச்சிரும். நல் (null, காலி மதிப்பு) வந்தா பரவால்ல, ஃபால்ஸ்னு எடுத்துக்கும். ஸ்க்ரோலுக்கு இது வராது, ஆனா சர்வர்லேர்ந்து வர்ற டேட்டால ஒரு ஃபீல்டு இல்லாமப் போனா வரும், அதனால அங்கெல்லாம் கண்டிஷனுக்கு முன்னாடி ரெண்டு ஆச்சரியக்குறி (!!) போட்டுரு, எது வந்தாலும் ட்ரூ இல்ல ஃபால்ஸா மாத்திரும்.

அப்புறம் பட்டன் கிட்ட, கிளாஸ்லிஸ்ட் ஆட்-க்குள்ள (add) டெர்னரி (ஒரே வரி இஃப் எல்ஸ்) வச்சு, இல்லன்னா காலி ஸ்ட்ரிங்னு (எழுத்தே இல்லாத பேரு) எழுதியிருக்கல்ல, அது சும்மா போகாது, எரர் அடிச்சு அங்கயே நின்னுரும். பேருக்கு நடுவுல ஸ்பேஸ் இருந்தாலும் அதே கதைதான். அதையும் டாகிளாவே மாத்திரு. இன்னொண்ணு, கிளாஸ்நேம்ல (எல்லா கிளாஸ் பேரும் ஒரே வரியா இருக்குற className) ரிப்ளேஸ் போட்டு ஆக்டிவை (active) அழிக்கிறியே, வெறும் ஸ்ட்ரிங்தானே அது, முன்னாடி இன்ஆக்டிவ்னு (inactive) ஒண்ணு இருந்தா அதுல பாதியக் கடிச்சிட்டுப் போயிரும். கிளாஸ்லிஸ்ட்னா முழுப் பேரா பார்த்துத்தான் எடுக்கும்.

மெனு பட்டனுக்கு மட்டும் கிளாஸே வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். ஏரியா எக்ஸ்பேண்டட் (aria-expanded, திறந்திருக்கான்னு சொல்ற குறிப்பு) ஆட்ரிப்யூட்டை மாத்து, சிஎஸ்எஸ்ல அதையே செலக்டரா பிடிச்சுக்கோ, கண்ணு தெரியாதவங்க, திரைல இருக்கிறதை வாசிச்சுச் சொல்ற ஸ்க்ரீன் ரீடர்ல வந்தாலும் மெனு திறந்திருக்கா மூடியிருக்கான்னு சொல்லும்.

மாத்திட்டு லிங்க் அனுப்பு, ஃபோன்லயே தட்டிப் பார்க்குறேன். பொங்கலுக்கு ஊருக்கு வர்றோம், உன் வீட்டு மாடில வெள்ளையடிச்சு முடிச்சிருந்தா அங்கயே தங்கிக்கிறோம், இல்லன்னா இப்பவே சொல்லிரு, சித்தப்பா வீட்ல கேக்கணும்.