சேர்வராயன் மலைக் கிராமங்களின் பிராட்பேண்ட் இணைப்பைச் சரிசெய்து தொடர்ந்து இயங்கச் செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
சிறு காபி, மிளகு விவசாயிகள், மகளிர் குழுவினர், இ-சேவை நடத்துவோர் மற்றும் வங்கிச் சேவை முகவர்கள்,
சேர்வராயன் மலை கிழக்குச் சரிவுக் கிராமங்கள்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சேலம்.

பொருள்: ஊராட்சிக் கட்டடம் வரை வந்த கண்ணாடி இழை இணைப்பு இயங்காமல் கிடப்பது, அதனால் ஊரில் பணம் எடுக்க முடியாதது, உடனடி நடவடிக்கை கோருவது தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஏற்கெனவே கொடுத்த மனுக்கள், 1100 எண்ணில் பதிந்த புகார்கள் (ஒப்புகைச் சீட்டுகள் இணைப்பில்).

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு ஒன்றியத்தின் 9 ஊராட்சிகளையும் 67 மலைக் கிராமங்களையும் தங்களுக்கு நாங்கள் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. குப்பனூர் சாலையில் கொட்டச்சேடு பக்கம் ஆய்வுக்கு வந்தபோது தங்கள் போனிலேயே சிக்னல் கோடுகள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. ஊராட்சி சேவை மையத்தில் ரேக், ரவுட்டர், யுபிஎஸ் மூன்றும் வைத்தாயிற்று. மின்கம்பம் வழியாக வந்த கேபிள் சுவரைத் துளைத்து உள்ளே போயிருக்கிறது. பதிவேட்டில் எங்கள் ஊராட்சி 'இணைக்கப்பட்ட' ஊராட்சி. ஆனால் கேபிளில் ஒளி வரவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்குதான் பெட்டியில் எரிகிறது. கரண்ட் இல்லாத நாளில் அதுவும் இல்லை. கடைமடை வரை வாய்க்கால் வெட்டிவிட்டு மதகைப் பூட்டி வைத்தது போல இருக்கிறது.

2. இதனால் எங்களுக்கு விழும் பெரிய அடி பணம் எடுப்பதில்தான். இந்தப் பத்தியை மட்டுமாவது முழுதாகப் படிக்க வேண்டுகிறோம்.

மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. அதே ஆண்டு 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் ஓய்வூதியமும், நூறு நாள் வேலைக் கூலியும், தோட்டத்துக் கூலியில் ஒரு பகுதியும் அப்படியே. வங்கியும் ஏடிஎம்மும் ஏற்காடு டவுனில் இருக்கின்றன. ஊரிலேயே ஆதார் கைரேகை வைத்துப் பணம் தர வங்கிச் சேவை முகவர்கள் இருக்கிறார்கள். கருவி இருக்கிறது, கையில் பணமும் வைத்திருக்கிறார்கள். நெட் இல்லை.

ஒரு தடவை பணம் எடுக்க நடப்பது இதுதான்: ஆதார் எண், வங்கிப் பெயர், தொகை, கடைசியாக விரல். அந்தத் தகவல் முகவரின் வங்கிக்குப் போய், அங்கிருந்து இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் (என்பிசிஐ), ஆதார் சரிபார்ப்பு, கணக்குள்ள வங்கி என்று சுற்றி முகவரின் கைக்கே திரும்ப வேண்டும். மொத்தமும் சில கிலோபைட்தான். வேகமான நெட் வேண்டும் என்று நாங்கள் கேட்கவே இல்லை. அந்த அரை நிமிடம் அறுபடாமல் இருந்தால் போதும்.

போகும்போது அறுந்தால் 'டைம் அவுட்' என்று வரும், நஷ்டம் இல்லை, மறுபடி விரல் வைக்கலாம். திரும்பி வரும்போது அறுந்தால்தான் ஆபத்து. கணக்கில் பணம் கழிந்திருக்கும். முகவருக்கு உறுதிச் செய்தி வந்திருக்காது. உறுதி வராமல் அவர் எப்படிப் பணத்தை எண்ணிக் கொடுப்பார்? அப்படிக் கழிந்த பணம் 5 நாளுக்குள் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் கேட்கப் போனால் பரிவர்த்தனை எண் வேண்டும் என்கிறார்கள். அந்த எண் திரையில் வருவதற்குள்தானே நெட் போனது!

காபிப் பழம் பறித்துத் தேய்ந்த விரல் முதல் தடவையிலேயே பதிவதும் இல்லை. மூன்று நான்கு முறை வைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் மேலே சொன்ன சுற்று முழுவதும் புதிதாக ஓட வேண்டும். கைரேகைக் கருவியை இயக்கும் 'ஆர்டி சர்வீஸ்' என்ற மென்பொருளும் நெட் வழியாகத்தான் தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது. அது முடியாவிட்டால் 'டிவைஸ் நாட் ரெடி' என்று நின்றுவிடும். பிறகு எத்தனை முறை விரலைத் துடைத்து வைத்தாலும் பயனில்லை.

முடிவில் டவுனுக்குத்தான் போக வேண்டும். பஸ் செலவு, அன்றைய கூலி இழப்பு, கூட ஒரு துணை. 1,000 ரூபாய் எடுக்கப் போனவர் கையில் மீதம் எவ்வளவு என்று தாங்களே கணக்குப் போடலாம். இன்னொன்றும் இருக்கிறது. டவுனில் எடுத்த பணம் டவுனிலேயே செலவாகிறது. அரிசி, எண்ணெய், மாத்திரை எல்லாம் அங்கேயே வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஊர்க் கடையில் கடன் நோட்டு மட்டும் தடிக்கிறது. அரசு மலைக்கு அனுப்பும் பணம் மலையில் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் இறங்கிப் போகிறது. கிராமப் பொருளாதாரம் பற்றிய கூட்டங்களில் இதையும் யாராவது பேசினால் நல்லது.

3. "மொபைல் டவர் இருக்கிறதே" என்று பதில் வந்தது. டவர் மேட்டில் இருக்கிறது. ஊர்கள் மேட்டுக்குப் பின்புறம் பள்ளத்தில் இருக்கின்றன. நடுவில் சில்வர் ஓக் தோப்பு. ஈர இலை சிக்னலை உறிஞ்சும், ஆகவே மழையிலும் பனிமூட்டத்திலும் இன்னும் மோசம். கரண்ட் போய் டவரின் பேட்டரி தீர்ந்தால் அதுவும் அணையும். கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறினால் கிடைக்கிற கொஞ்சமும் அவர்களுக்கே போய்விடும்.

4. கேபிள் ஏன் அறுகிறது? பாரத்நெட் திட்டத்தில் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஒரு ஜிபிபிஎஸ் இணைப்பு என்று அறிவித்தபோது, கேபிளில் 85 சதவீதம் மின்கம்பங்கள் வழியாகவும் 15 சதவீதம் தரைக்கடியிலும் போகும் என்றார்கள். சமவெளிக்கு அது சரி. இங்கே காற்றடித்தால் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பி மேல் விழும். கரண்ட் கம்பியும் இழையும் ஒரே கம்பத்தில் இருப்பதால் இரண்டும் சேர்ந்து போகும். லைன்மேன் வந்து கரண்ட்டைக் கொடுத்துவிட்டு, தொங்கும் இழையைச் சுருட்டிக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்லவில்லை, இழை அவர் வேலை இல்லை. ஆனால் இறுக்கிச் சுருட்டிய இழையில் ஒளி வளைவிலேயே கசிந்துவிடும். உடையாமலே செத்த இழை அது. ஜாயிண்ட் பெட்டியின் மூடி சரியாக அடைக்காவிட்டால் பனி இறங்கி உள்ளே தண்ணீர் நிற்கும். சாலை ஓரத்தில் ஜேசிபி இறங்கினால் தரைக்கடியில் போவதும் போச்சு. கோடையில் சருகுத் தீ வேறு.

எந்த இடத்தில் அறுந்தது என்று ஊர் ஊராய்த் தேட வேண்டியதில்லை. ஓடிடிஆர் கருவியை ஒரு முனையில் செருகினால் எத்தனையாவது மீட்டரில் கோளாறு என்று சில நிமிடத்தில் காட்டும். நல்ல இழையில் 1310 நானோமீட்டர் ஒளி கிலோமீட்டருக்கு சுமார் 0.35 டெசிபல், 1550-ல் சுமார் 0.2 டெசிபல் குறையும். நல்ல ஜாயிண்டில் 0.1-க்கும் கீழ். இதைவிட அதிகம் காட்டும் இடத்தில் ஆள் ஏறினால் போதும். இத்தனை எளிய சோதனையை ஏன் செய்யவில்லை? செய்திருந்தால் அந்த அறிக்கையை ஏன் எங்கள் கண்ணில் காட்டவில்லை?

5. யுபிஎஸ் பேட்டரி. நீண்ட மின்தடையில் பேட்டரி அடியோடு தீர்ந்து, அப்படியே நாள்கணக்கில் கிடந்தால் பிறகு சார்ஜ் ஏறாது. பெட்டிக்கு 100 வாட் என்று வைத்துக்கொண்டால் 8 மணி நேரத்துக்கு 800 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வைத்துப் பாதி வரை மட்டும் செலவழித்தால் இன்வெர்ட்டர் இழப்பு போகவும் தாங்கும். எர்த்தும் பார்க்க வேண்டும். பாறை நிலத்தில் கம்பியை அடித்துவிட்டுப் போனால் எர்த் பிடிக்காது. ஆழக் குழி எடுத்துக் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க வேண்டும். இல்லையென்றால் சித்திரை வைகாசி இடியில் ரவுட்டர் போர்டு புகைந்துவிடும்.

6. காபி. பழுத்த பழத்தைப் பறித்த அன்றே தோல் நீக்க வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். ஆகவே பல்பர் இல்லாத சிறு விவசாயி மாலைக்குள் யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும். 50 கிலோ மூட்டை அரபிகா பார்ச்மென்ட் (தோல் நீக்கிக் காயவைத்த காபி) அன்றைக்கு என்ன விலை என்று தெரியாமல், சாலைக்கு வண்டி கொண்டு வருபவர் சொல்வதுதான் விலை. சுமார் 6 கிலோ பழம் ஒரு கிலோ காபிப் பருப்பு என்ற கணக்கை நாங்கள் போடுவோம். பருப்பின் விலை தெரிந்தால்தானே போட முடியும்! மிளகிலும் அப்படித்தான், லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் மிளகின் எடை) குறைவு, ஈரம் அதிகம் என்று கழிப்பார்கள். கீழே சேலத்தில் ஜவ்வரிசிக்கு சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, டெண்டரில் பல வியாபாரிகள் விலை போடுகிறார்கள். மலையில் ஒருவர்தான் விலை போடுகிறார்.

7. "நெட் வந்தால் ஊர் பணக்கார ஊராகிவிடுமா?" என்று ஓர் அலுவலர் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆகாது என்பதும் எங்களுக்குத் தெரியும். மதுரை மேலூர் பக்கம் 2000-களின் தொடக்கத்தில் கிராம இணைய மையங்கள் திறந்தார்கள், அவற்றில் பல பிறகு மூடப்பட்டன. மையம் திறப்பது சுலபம், நடத்துவதுதான் கஷ்டம். வட கேரளத்தில் 1997-க்கும் 2001-க்கும் இடையே மொபைல் வந்தபோது மத்தி மீனவர்கள் எந்தக் கரையில் என்ன விலை என்று கடலிலிருந்தே கேட்டுக் கொண்டார்கள். மீன் கொட்டி வீணாவது நின்றது, அவர்கள் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கான விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது என்று பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் ஆய்வில் வந்தது. மத்தியப் பிரதேசத்தில் விவசாயிக்கு விலை காட்டும் இ-சௌபால் இணைய மையங்களால் சோயா விலை ஏறியது 1 முதல் 3 சதவீதம்தான். சிறிய தொகைதான். ஆனால் அது உழைப்பவர் கையில் நின்ற தொகை. நாங்கள் கேட்பதும் அந்த அளவுதான். யாரும் இங்கே ஐடி பார்க் கேட்கவில்லை.

8. மறுபடியும் 2-க்கே வருகிறோம். மற்றதெல்லாம் தாமதமாகட்டும், பொறுத்துக்கொள்கிறோம். பணம் எடுப்பதற்காவது வழி செய்யுங்கள். கழிந்த பணம் எப்போது வரும் என்று கேட்டு முகவர் வீட்டு வாசலில் வயதானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முகவர் ஏமாற்றுகிறார் என்று ஊரில் பேச்சு வந்துவிட்டது. இப்படியே போனால் இருக்கிற ஒன்றிரண்டு முகவர்களும் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் இழையில் ஒளி வந்து யாருக்கு லாபம்?

9. ஆகவே கோருவது:

(அ) ஒன்றிய முனையிலிருந்து ஒவ்வொரு ஊராட்சி வரைக்கும் ஓடிடிஆர் சோதனை செய்து, கோளாறு உள்ள இடம், சரிசெய்யும் தேதி இரண்டையும் எழுதி ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

(ஆ) சரிசெய்யும்போது மரம் விழக்கூடிய இடங்களில் 10, 15 மீட்டர் உபரிக் கேபிளை அகலமான வளையமாகச் சுற்றி வைக்க வேண்டும். அறுந்தால் அதை இழுத்து ஒரே இடத்தில் ஒட்டிவிடலாம், நடுவில் புதுத் துண்டு வைத்து இரண்டு ஜாயிண்ட் போட வேண்டியதில்லை. மழைக்கு முன் கிளை வெட்டுவதை மின் ஊழியர்களுடன் சேர்ந்து ஒரே நாளில் செய்ய வேண்டும்.

(இ) சேலம் மலைப்பாதை, குப்பனூர் பாதை இரண்டு வழியாகவும் இழை வந்து மேலே ஒன்றோடொன்று சேர வேண்டும். ஒரு பாதையில் மண் சரிந்தாலும் மற்றது ஓடும்.

(ஈ) 5-ல் சொன்னபடி பேட்டரியையும் எர்த்தையும் சரிசெய்ய வேண்டும்.

(உ) ஊராட்சிக் கட்டடத்திலிருந்து வங்கி முகவர், ரேஷன் கடை, பள்ளி, துணை சுகாதார நிலையம் இவற்றுக்கு முதலில் கேபிள் இழுக்க வேண்டும். பள்ளத்தில் உள்ள குக்கிராமங்களுக்கு, நேர்ப்பார்வை கிடைக்கும் மேட்டிலிருந்து வயர்லெஸ் இணைப்பு கொடுக்கலாம். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களுக்கு 2006 வாக்கிலேயே நெடுந்தூர வைஃபை போட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்தார்கள். இது புது வித்தை இல்லை.

(ஊ) பராமரிப்பை எடுத்தவரின் ஆள் ஒருவர், இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு, மலையிலேயே இருக்க வேண்டும். கீழிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் இங்கே பொழுது போய்விடுகிறது.

(எ) கழிந்து திரும்பாத பணத்துக்கு முன்னோடி வங்கி மேலாளர் மூலம் ஊரிலேயே ஒரு நாள் முகாம். பரிவர்த்தனை எண் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. நாளும் தொகையும் பாஸ்புக்கில் இருக்கும்.

முந்தைய மனுக்களுக்கு 'உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது' என்றும், பிறகு 'தீர்வு காணப்பட்டது' என்றும் பதிவாகியிருக்கிறது. என்ன தீர்வு, யார் கண்டார் என்று தெரியவில்லை. தயவுசெய்து இந்த மனுவை அதே வழியில் அனுப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அலுவலர் ஒருவரை நேரில் அனுப்புங்கள். உரிமைத் தொகை விழும் 15-ஆம் தேதியை ஒட்டி, முகவர் வீட்டில் அரை நாள் உட்காரச் சொல்லுங்கள். போதும்.

இப்படிக்கு,
மேற்படி கிராம மக்கள்
(கையொப்பமும் கைநாட்டும் இணைப்பில்)

பின்குறிப்பு: பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டுகிறோம். குறுஞ்செய்தி இங்கே வந்து சேரும் என்று சொல்ல முடியாது.