அப்பா பார்க்காத தாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அப்பா தெலுக் இந்தான் வட்டாரத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் 27 ஆண்டுகள் வேலை செய்தார். முதலில் கொட்டை உடைக்கும் பகுதி, பிறகு என்ஜின் ரூம். பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூட காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டிய இடங்கள். மெஷின் துடைக்கும் பஞ்சைத் திரித்துக் காதில் செருகிக்கொள்வார். துவைக்கும்போது அவர் சட்டைப் பையிலிருந்து அந்தத் திரியை அம்மா எடுத்துப் போடுவார். பஞ்சு அந்த இரைச்சலுக்குப் போதாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இப்போது நாங்கள் கத்தினாலும் பயனில்லை. “சத்தம் கேக்குதும்மா, பேச்சுத்தான் புரியல” என்கிறார். இரைச்சலில் கெட்ட காது முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகளை. சட்டை என்றாலும் கட்டை என்றாலும் அவருக்கு ‘அட்டை’தான். பேத்தியின் மழலை எட்டுவதே இல்லை. உட்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. இதை வயதுக் கோளாறு என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மலேசியாவில் 2019 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள வேலையிட இரைச்சல் விதிகள்படி 8 மணி நேர வேலைக்கு உச்ச வரம்பு 85 டெசிபல். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. பழம் குவியும் மாதங்களில் அப்பா 12 மணி நேரம் நின்றிருக்கிறார். அப்போது 85கூட அதிகம். வரம்பு மீறும் இடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஆண்டுதோறும் செவிச் சோதனை கட்டாயம்.

அப்பாவுக்கும் சோதனை நடந்தது. கையெழுத்துப் போட்டார், முடிவுத் தாள் ஆபீசுக்குப் போனது. ஒரு முறைகூட அவர் அதைப் பார்க்கவில்லை. இரைச்சலால் வரும் செவிக்குறை தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உண்டு என்பதே வேலையை விட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மருத்துவர் முதலில் கேட்டது பழைய சோதனைத் தாள்களை. எங்களிடம் ஒன்றுமில்லை.

ஆலைகளில் இருக்கும் அண்ணன்மார்களே, தம்பிகளே, சோதனை முடிந்ததும் உங்கள் தாளின் நகலைக் கேளுங்கள், விளக்கச் சொல்லுங்கள், ஐ.சி.யோடு (அடையாள அட்டையோடு) சேர்த்து வையுங்கள். நிர்வாகங்கள் அதைக் கேட்காமலே கொடுக்க வேண்டும்.

அப்பாவின் தாள்களைக் கேட்டு ஆலைக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.

இப்படிக்கு,
ஓர் ஆலைத் தொழிலாளியின் மகள்,
தெலுக் இந்தான், பேராக்